'சொந்த மைதானம்' எங்கே இருக்கிறது?

அயர்லாந்தில் கோடைக்காலம் என்றால் ஹர்லிங் காலம். ஆஷ் மரத்தில் செதுக்கிய, முனை வளைந்த மட்டையால் தோல் உறையிட்ட சிறு பந்தை அடித்து, அணிக்குப் பதினைந்து பேராக ஆடும் ஆட்டம் அது. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் 3 புள்ளிகள். மேலே போனால் 1 புள்ளி. ஆடுபவர் எவருக்கும் ஊதியம் கிடையாது. ஞாயிறன்று 82,000 பேர் முன்னிலையில் ஆடியவர், சில நாள்களில் பள்ளி ஆசிரியராகவோ மின்பணியாளராகவோ வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இந்த ஆட்டத்தை நடத்துவது கேலிக் தடகளச் சங்கம். 1884-இல் தர்லெஸ் என்ற சிற்றூரின் தங்கும் விடுதி ஒன்றில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஊர்தோறும் உள்ள மன்றங்கள்தாம் அதன் வேர். அந்த மன்றங்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர், புல் வெட்டுபவர், நிதிக்காகக் குலுக்கல் சீட்டு விற்பவர் எல்லாரும் தன்னார்வலர்கள். அவர்களே போட்டி நாளில் பார்வையாளர்களாகவும் வந்து அமர்கிறார்கள். ஆகவே, ஹர்லிங் ரசிகரை ஒரு கேளிக்கையின் வாடிக்கையாளராக மட்டும் பார்க்க முடியாது. போட்டி நடக்கும் இடம் குறித்து அவர் முணுமுணுக்கும்போது, தன் வீட்டு விவகாரத்தில் தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை அதில் ஒலிக்கிறது. கார்க் நகரில் வசிக்கும் நான், ஆட்டத்தின் விதிகளைப் புரிந்துகொள்வதற்கு முன்பே இந்த முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிவிட்டேன்.

2025 ஜூன் 21 அன்று நடந்ததைப் பாருங்கள். அகில அயர்லாந்து காலிறுதி ஆட்டங்கள் இரண்டும் அன்று நடந்தன. டப்ளினும் லிமெரிக்கும் மோதிய ஆட்டம், டப்ளின் நகரின் குரோக் பார்க்கில். டிப்பரரியும் கால்வேயும் மோதிய ஆட்டமோ லிமெரிக் நகரின் கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானத்தில். அதாவது, லிமெரிக்காரர்கள் தங்கள் ஊர் மைதானத்தை வேறு இரண்டு கவுண்டிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, எதிரணியின் தலைநகருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம் செய்தார்கள். காலிறுதி பொதுவான இடத்தில் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டப்ளின் ஹர்லிங் அணியின் சொந்த மைதானம் பார்னெல் பார்க் என்ற சிறிய மைதானம் என்பதால், அதே நகரில் உள்ள குரோக் பார்க் ஏட்டளவில் 'பொதுவான இடம்' ஆகிவிடுகிறது! தொடக்கத்திலேயே ஒரு வீரரை வெளியேற்றத்தால் இழந்த டப்ளின், பதினான்கு பேருடன் ஆடி வென்றது. ஹர்லிங் வரலாற்றின் பெரிய அதிர்ச்சிகளில் அது ஒன்று. வெற்றி வீரர்களுக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால், அது பொதுவான இடத்தில் நடந்த ஆட்டம் என்று லிமெரிக் ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள்.

'சொந்த மைதானம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 2018-இல் மன்ஸ்டர், லென்ஸ்டர் மாகாணப் போட்டிகள் லீக் முறைக்கு மாறின. ஒவ்வோர் அணியும் சில ஆட்டங்களைத் தன் ஊரிலும் சில ஆட்டங்களை எதிரணியின் ஊரிலும் ஆடும் என்று அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். அந்த முதல் ஆண்டிலேயே வாட்டர்ஃபோர்ட் அணிக்கு ஊரில் ஆடும் வாய்ப்பு இல்லாமல் போனது. அதன் வால்ஷ் பார்க் அந்தக் கூட்டத்துக்குப் போதாது என்றார்கள். டிப்பரரியுடனான 'சொந்த' ஆட்டம் லிமெரிக்கிலும், கார்க்குடனான 'சொந்த' ஆட்டம் தர்லெஸிலும் நடந்தன. நான்கு ஆட்டங்களில் ஒன்றில்கூட வாட்டர்ஃபோர்ட் வெல்லவில்லை. ஊரில் ஆடியிருந்தால் வென்றிருப்பார்கள் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால், அந்தச் சந்தேகம் ரசிகர் மனத்தில் தங்கிவிட்டது.

கார்க்கின் கதை வேறு வகை. 2017-இல் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்ட பார்க் ஈ க்வீவ் மைதானத்தில் 45,000 பேர் அமரலாம், நிற்கலாம். திட்டமிட்டதைவிடச் செலவு எகிறிக் கடன் சுமை ஏறியது. கடனை அடைக்க இசை நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. 2022 ஏப்ரல் இறுதியில் பாடகர் எட் ஷீரனின் நிகழ்ச்சிகள் அங்கே நடந்தன. மே 1 அன்று கிளேருடன் கார்க் ஆட வேண்டிய 'சொந்த' ஆட்டம் தர்லெஸுக்குப் போனது. ஹர்லிங்குக்காகக் கட்டிய மைதானத்தின் கடனை அடைப்பதற்காக ஹர்லிங்கே வெளியூர் போக நேர்ந்தது.

சங்கத்தின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய மைதானத்தில் ஆட்டத்தை வைத்தால் பல ஆயிரம் பேருக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காது. கூட்டப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பெரிய மைதானங்களில் ஈட்டும் பணம் கவுண்டிகளுக்கும் மன்றங்களுக்குமே திரும்புகிறது. ஆனால், இந்தக் கணக்கில் ரசிகரின் பயணச் செலவும் நேரமும் சேர்வதே இல்லை.

பயணத்தின் கதையைத் தனியாகவே சொல்ல வேண்டும். கார்க்கும் லிமெரிக்கும் ஹர்லிங்கின் இரு பெரும் நகரங்கள். இடையே சுமார் 100 கிலோமீட்டர்தான். பல்லாண்டுகளாகப் பேசப்பட்டும் இரண்டையும் இணைக்கும் மோட்டார்வே இன்னும் முழுமை பெறவில்லை. ரயிலில் போகலாம் என்றால், வழியில் லிமெரிக் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டும். (பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அந்த நிலையம் இருப்பது டிப்பரரி கவுண்டியில்.) 2025 ஜூன் 7, சனிக்கிழமை மாலை, லிமெரிக்கில் நடந்த மன்ஸ்டர் இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அதிலும் முடிவு கிட்டாமல் பெனால்டி வரை நீண்டது. 40,000-க்கும் மேற்பட்டோர் பார்த்த அந்த ஆட்டத்தில் கார்க் வென்றது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். எழுபது வயதைக் கடந்தவர். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டவர். "போக எப்படியும் வழி கிடைக்கும், திரும்பி வரத்தான் வழி இல்லை" என்றார். மாலை நேர ஆட்டங்கள் தொலைக்காட்சிக்கு வசதியாக இருக்கலாம். வண்டியில்லாதவர்களை அவை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் வாயிலில் பணம் கொடுத்து உள்ளே போகும் பழைய வழக்கமும் மறைந்துவிட்டது. முதியவர்கள் அதற்கும் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியை நம்பியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தூரம் மட்டுமே ரசிகர்களின் பிரச்சினை என்றால் தர்லெஸை யாருக்கும் பிடித்திருக்கக் கூடாது. எட்டாயிரம் பேர் வாழும் ஊரில் 45,000 பேர் கொள்ளும் மைதானம். போட்டி நாளில் ஊருக்குள் கார் நகராது. ஆயினும் குரோக் பார்க்கைவிடத் தர்லெஸையே விரும்புவோரை ஏராளமாகக் கண்டிருக்கிறேன். நகரச் சதுக்கத்தில் இரு அணி ரசிகர்களும் கலந்து நின்று பேசிவிட்டு, ஒரே கூட்டமாக நடந்தே மைதானத்தை அடையலாம். சங்கத்தின் நூற்றாண்டான 1984-இல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தையே குரோக் பார்க்கிலிருந்து தர்லெஸுக்குக் கொண்டுசென்றார்கள். எங்கே, எதற்காக என்பது புரிந்தால் மக்கள் எவ்வளவு தூரமும் வருவார்கள்.

எதிர்ப்புக்குப் பலன் இருக்கிறது என்பதையும் இதே சங்கத்தின் வரலாறு காட்டுகிறது. 2018-இல் கேலிக் கால்பந்தில் மாயோ அணியுடனான ஆட்டத்தைக் குரோக் பார்க்குக்கு மாற்றியபோது, தங்கள் ஊரான நியூபிரிட்ஜில் தவிர வேறெங்கும் ஆடமாட்டோம் என்று கில்டேர் அணி நின்றுவிட்டது. சங்கம் பணிந்தது, கில்டேர் வென்றது. ஆனால், ஒவ்வொரு முறையும் இப்படி மல்லுக்கு நின்றுதான் ஆக வேண்டுமா?

நாக்அவுட் ஆட்டம் எங்கே நடக்கும் என்பதை, எந்த அணிகள் மோதும் என்று தெரிவதற்கு முன்பே ஒரு விதியாக எழுதி வைத்துவிட முடியும். இரு ஊர்களுக்கும் நடுவில் உள்ள, கூட்டத்தைத் தாங்கக்கூடிய மைதானம் என்பது அந்த விதியாக இருக்கலாம். மாலை ஆட்டங்களுக்குக் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்தே தொடக்க நேரத்தைக் குறிக்கலாம். லிமெரிக்குக்கும் டப்ளினுக்கும் இடையே, நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் செல்லும் வழியிலேயே, போர்ட்லீஷ் நகரில் சங்கத்துக்கு ஒரு மைதானம் இருக்கிறது. குரோக் பார்க்கைவிட மிகச் சிறியதுதான். ஆனால், 2025 ஜூன் 21 அன்று இரு ஊர் ரசிகர்களும் ஏறத்தாழ பாதி வழி வந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.