கத்தரிக்கோலுக்கு ஆவிக் குளியல்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், திருவெறும்பூரைத் தாண்டியதும் கைலாசபுரம் வருகிறது. 'பெல்' பாய்லர் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பு அது.

செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியோடு 1960-களில் தொடங்கிய தொழிற்சாலை இது. இங்கே செய்த பாய்லர்கள் மின்சார நிலையங்களில் 500 டிகிரிக்கு மேல் சூடான ஆவியைத் தருகின்றன. அந்த ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

அதே ஆவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சத்தம் போடாத வேலை. உயிரைக் காக்கும் வேலை!

கைலாசபுரத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கும் சரி, திருச்சி புத்தூரில் உள்ள அரசு ஆஸ்பத்திரியிலும் சரி, ஆபரேஷன் நடக்கும் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் சரி, கத்தியும் கத்தரிக்கோலும் ஆவியில் குளித்த பிறகுதான் டாக்டரின் கைக்கு வரவேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும்?

66 கண்கள்

2008-ம் ஆண்டு நடந்தது இது. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. அங்கிருந்து கண்புரை ஆபரேஷனுக்குப் போனவர்களில் 66 பேருக்கு, ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் கிருமி தொற்றியதே காரணம்.

கிருமிக்குப் பல வழிகள். கருவி வழியாக வரலாம். கை வழியாக வரலாம். மருந்து வழியாகவும், தண்ணீர் வழியாகவும் வரலாம். ஒவ்வொரு வழியையும் அடைக்க வேண்டும். கருவியின் வழியை அடைப்பது ஆவி.

கொதிநீர் போதாதா?

"வெந்நீரில் போட்டு எடுத்தால் போதாதா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். கண்ணாடி ஊசிக் குழலைத் தட்டில் போட்டு, ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்க வைப்பதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் சில கிருமிகள் பொல்லாதவை. ஆபத்து வந்தால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு விதை போல உறங்கிவிடும். ரணஜன்னிக் கிருமி அந்த ரகம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டிலும் இந்த விதைகள் தப்பிவிடக்கூடும். புண்ணுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும்.

இதற்கு வழி கண்டவர் சார்லஸ் சாம்பர்லாண்ட். பிரான்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டரின் உதவியாளர். 1879-ல் அவர் ஓர் இயந்திரம் செய்தார். அதுதான் 'ஆட்டோகிளேவ்'. ஆவியை வெளியே விடாமல் அடைத்து அழுத்தினால், அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டும். 121 டிகிரியில் 15 நிமிஷம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிஷம் இருந்தால் அந்த விதைகளும் செத்துப்போகும்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே ஜாதிதான். குக்கரில் ஆவி நன்றாகச் சீறி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? ஏன்? உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியே போகவேண்டும். காற்று தங்கிய இடத்தில் ஆவி நுழையாது. ஆஸ்பத்திரி இயந்திரத்திலும் இதே கதைதான். மூட்டைக்கு நடுவில் ஒரு கை அளவு காற்று நின்றுவிட்டாலும், அந்த இடத்துக் கருவி வேகாது. வெளியே முள் 121 டிகிரி காட்டும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கும்! அதனால் பெரிய இயந்திரங்களில் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஆவியை விடுகிறார்கள்.

முதலில் குளியல், பிறகு ஆவி

ஆபரேஷன் முடிந்தது. ரத்தக் கறையோடு கத்தரிக்கோல் வருகிறது. நேரே ஆவிக்குப் போகுமா? போகாது.

ரத்தம் காய்ந்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசைக்கு அடியில் ஒளிந்த கிருமியை ஆவி தொடாது. ஆகவே கருவியை உடனே மருந்து கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். கத்தரிக்கோலை விரித்து, மூட்டுக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்கிறார்கள். தண்ணீருக்கு அடியில்தான் தேய்க்க வேண்டும். மேலே தேய்த்தால் துளி தெறித்துத் தேய்ப்பவரின் கண்ணிலேயே விழும். பிறகு அலசி, துடைத்து, விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு புள்ளி கறை இருந்தாலும் மறுபடி தொட்டிக்கு!

இது கௌரவமான வேலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தால் மாலை டாக்டருக்குத்தான். அடித்தளத்தில் பிரஷ் பிடித்த கையை யார் கண்டார்கள்?

கழுவிய கருவிகளை எண்ணித் தட்டில் அடுக்கி, இரண்டு மடிப்புத் துணியில் சுற்றுகிறார்கள். மேலே ஒரு நாடா. ஆவி பட்டால் அந்த நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றும். உள்ளேயும் ஓர் அடையாளச் சீட்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆட்டோகிளேவைச் சுவருக்கு நடுவில் பதித்து, இரண்டு கதவு வைத்திருப்பார்கள். அழுக்குப் பக்கம் போன மூட்டை சுத்தப் பக்கம் வெளியே வரும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது.

வெளியே வந்த மூட்டை ஈரமாக இருந்தால் செல்லாது. ஈரத் துணி வழியாகக் கிருமி மறுபடி உள்ளே இறங்கும். தரையில் விழுந்தாலும் செல்லாது. துணி கிழிந்தாலும் செல்லாது.

ரப்பரும் பிளாஸ்டிக்கும் இந்தச் சூட்டைத் தாங்காதே என்றால், அவற்றில் பலவற்றுக்கு வாயு வைத்தியம் உண்டு. ஊசிக் குழலோ இப்போது ஒரு முறைதான். போட்டதும் எறிந்துவிட வேண்டும்.

கிருமியையே சாட்சி வைத்து...

செத்ததா, பிழைத்ததா? கண்ணுக்குத் தெரியாத கிருமியை எப்படிப் பார்ப்பது?

அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. சூட்டை மிக நன்றாகத் தாங்கும் கிருமி விதைகளைச் சின்னக் குப்பியில் அடைத்து, மூட்டைகளோடு உள்ளே வைக்கிறார்கள். மனிதனுக்குத் தீங்கு செய்யாத கிருமி அது. வெளியே எடுத்ததும், குப்பியில் உள்ள ஊதா நிறத் தண்ணீரில் அதை நனைத்து இளஞ்சூட்டில் வைக்கிறார்கள். தண்ணீர் ஊதாவாகவே இருந்தால் விதை செத்தது. மஞ்சளாக மாறினால் உயிரோடு இருக்கிறது!

மஞ்சள் கண்டால் மணி அடித்தது போலத்தான். ஒவ்வொரு மூட்டையிலும் தேதியும், இயந்திரத்தின் எண்ணும், எத்தனையாவது முறை வெந்தது என்பதும் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத் தேடுகிறார்கள். பிரசவ வார்டின் அலமாரியில் இருந்தாலும், ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தாலும், கூட வெந்த மூட்டைகள் அத்தனையும் அடித்தளத்துக்குத் திரும்பி வருகின்றன. துணியை அவிழ்த்து, கத்தரிக்கோலை விரித்து, மறுபடி தொட்டியில் போடுகிறார்கள்.