உறுமியின் இடது முகம்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைச் சாலையில் இரண்டு சத்தங்கள் முட்டிக்கொள்ளும். தண்ணீர்ப் பந்தல்களின் ஆளுயர ஸ்பீக்கர்களில் அதிரும் ரீமிக்ஸ் ஒன்று. காவடிக்கு முன்னால் முழங்கும் உறுமி மேளம் இன்னொன்று. ஸ்பீக்கரின் பாஸ் ஒலிக்கே ஈடுகொடுக்கும் உறுமியில் அப்படி என்னதான் இருக்கிறது?

இடை சிறுத்த மர உடல், இரு பக்கமும் தோல். வலது முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடது முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி ஒரு கணம் தோலைப் பற்றும், மறுகணம் வழுக்கும், மறுபடி பற்றும். நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்த இழுபறிதான் அந்த உறுமல். வயலின் வில் தந்தியைப் பாடவைப்பதும் இப்படித்தான். அழுத்தத்தை மாற்றினால் சுருதி வளையும். ஒரே இழுப்பில் ஒலி அடியிலிருந்து மேலேறும். சிந்தசைசரில் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சக்கரம் வைத்திருக்கிறார்கள்!

அதனால் மின்னிசைக்காரர்களுக்கு உறுமி பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லண்டன் பாடகி மாயா (எம்.ஐ.ஏ.) 2007இல் வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்புக்காகச் சென்னையில் உறுமியைப் பதிவு செய்து, நடனக்கூடத் தாளங்களோடு சேர்த்தார். சாம்ப்ளர் கருவியில் ஓர் உறுமலைப் பதிந்துவைத்தால், பொத்தானைத் தொடும்போதெல்லாம் அது ஒலிக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே உறுமல்தான். வாசிப்பவர் கையில் இரண்டு இழுப்புகள் ஒன்றுபோல் வருவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அருள் வந்து ஆடுபவரின் காலைப் பார்த்தே உறுமிக்காரர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பிரேசிலின் பாகியா மாநிலத்தில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் போற்றும் கந்தோம்ப்ளே வழிபாட்டிலும் இதே கதைதான். அங்கே ரும், ரும்பி, லே என்று மூன்று முழவுகள். தெய்வத்துக்குத் தெய்வம் தாளம் வேறு. முழவுகளுக்கே சடங்கு செய்து படையல் வைக்கிறார்கள். மூன்றில் பெரியதான ரும்தான் ஆடுபவரோடு பேசிக்கொண்டே போகும். இந்த முழவொலிகளும் இன்று கணினித் தாளங்களோடு கலக்கின்றன. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று முன்கூட்டியே பூட்டிவைத்த கணினிக்கு எதிரில் ஆடுபவர் தெரியமாட்டார்.

ஆகவே கலவை எடுபடவேண்டுமானால் கணினிதான் மேளக்காரருக்கு வழிவிடவேண்டும் என்பது என் கட்சி. சந்தேகமிருந்தால் அடுத்த தைப்பூசத்தில் மலையடிவாரத்தில் நின்று, உறுமிக்காரரின் இடது பக்கக் குச்சியைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.