லினக்ஸ் கருவும் இருண்ட திரையும்

கணினியை இயக்கும் மென்பொருள்களுள் தலையாயது பணிசெயல் முறைமை. அம்முறைமையின் நடுவே அமைந்து, வன்பொருளுக்கும் ஏனை மென்பொருள்களுக்கும் இடைநின்று ஏவல் செய்விக்கும் பகுதியை ஆங்கிலத்தார் கேர்னல் என்பர். தமிழில் கரு என வழங்குதல் பொருந்தும். நுணுகி நோக்குங்கால் லினக்ஸ் என்னும் பெயர் இக்கருவுக்கே உரியதாகும். எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

விலையின்றிப் பெறத்தக்கதாதலானும், பழம்பொறிகளிலும் இயங்க வல்லதாதலானும், கல்விக்கூடங்கள் இதனை விரும்பி ஏற்றன. கேரளத்துப் பாடசாலைகள் இதனைக் கொண்டே கணினி பயிற்றி வருகின்றன. இலங்கையிலும் ஹந்தானை மலையின் பெயர் தாங்கிய லினக்ஸ் தொகுப்பொன்று கல்வியை நோக்கமாகக் கொண்டு ஆக்கப்பட்டது. பிறர் பயன்படுத்திக் கழித்த பொறிகளையே பெரும்பாலும் பெறும் மடுல்சீமை போன்ற தோட்டப்புறப் பாடசாலைகளுக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் இடர் ஒன்றுண்டு. கருவை இற்றைப்படுத்திப் பொறியை மீளத் தொடக்கியவிடத்துத் திரை இருண்டு கிடக்கின்றது. அன்றேல் புகுபதிகைத் திரை தோன்றிக் கடவுச்சொல்லை ஏற்றபின்னும் தொடங்கிய இடத்துக்கே திரும்புகின்றது. மாணவர் மாதக்கணக்காகச் செய்த ஒப்படைகள் அழிந்தன என்றே பலரும் கலங்குவர். நகரத்துப் பழுதுபார்ப்போர் சிலர் வன்தட்டு முழுவதையும் துடைத்து வேறொரு முறைமையை நிறுவித் தருவதும் உண்டு. கோப்புகள் உண்மையில் அழிவது அப்போதுதான்! திரை இருண்டமையால் கோப்புக்கு யாதொரு கேடும் இல்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

இவ்விடர் விளையுமாறு யாங்ஙனம்? திரையில் உருக்களை வரையும் வன்பொருளைக் கருவோடு இணைக்கும் மென்பொருள் சாதனச் செலுத்தி எனப்படும். இன்ரெல், ஏஎம்டி நிறுவனங்களின் செலுத்திகள் கருவின் மூலநிரலுக்குள்ளேயே வைத்துப் பேணப்படுகின்றன. ஆதலின் கரு மாறுங்கால் அவையும் உடன் மாறும். என்விடியா நிறுவனமோ நெடுங்காலம் தன் செலுத்தியைத் தனியுடைமையாகவே வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் கருவோடு இணையும் கூறுகளின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. அதுவும் புதிய அட்டைகளுக்கு மட்டுமே. கருவின் உள்ளமைப்போ பதிப்புக்குப் பதிப்பு மாறும் இயல்பினது. அதனை நிலையாக வைத்திருக்க உறுதி கூறுவதில்லை என்பது கருவை ஆக்குவோரின் கொள்கை. அதன் காரணத்தைக் கிரெக் குரோவா ஹார்ட்மன் கருவோடு வழங்கும் ஆவணமொன்றிலேயே விரித்துரைத்துள்ளார். எனவே வெளியே நிற்கும் செலுத்தியை ஒவ்வொரு புதிய கருவுக்கும் ஏற்ப மீளத் தொகுத்தல் இன்றியமையாததாகின்றது. இப்பணியைத் தானே செய்வது டிகேஎம்எஸ் என்னும் கருவி. அதற்குப் புதிய கருவின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை இல்லையாயின் தொகுத்தல் நிகழாது, செலுத்தியும் ஏறாது, திரை இருளும். இற்றைப்படுத்தல் நடுவிலிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடினும் இதே விளைவுதான். மழைக்காலத்தில் மலையகத்தார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இனிப் பரிகாரம் கூறுவாம். திரை இருண்டிருப்பினும் கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 ஆகிய மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்துக. எழுத்துமுனையம் தோன்றுமாயின் கரு நலமே இயங்குகின்றது, குறை வரைவியற் பகுதியிலேயே உள்ளது எனத் துணியலாம். ஆண்டுப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இடுக. கடவுச்சொல்லை இடுங்கால் புள்ளியேனும் தோன்றாது. சாவிப்பலகை பழுதெனக் கருதி மாணவர் எழுந்துவிடுதல் உண்டு. உட்புகுந்தபின் வேறெதனையும் செய்யுமுன் ஒப்படைகளை வெளிநினைவகம் ஒன்றிற் படியெடுத்து வைத்தல் சாலச் சிறந்தது.

எழுத்துமுனையமும் தோன்றாதாயின் பொறியை மீளத் தொடக்குக. தொடங்குங்கால் பழைய பொறிகளில் ஷிப்ட் சாவியையும் புதியவற்றில் எஸ்கேப் சாவியையும் அழுத்தின் கிரப் என்னும் பட்டியல் தோன்றும். உபுண்டு போன்ற தொகுப்புகள் முந்திய கருவையும் வைத்திருக்கும். மேல்நிலைத் தெரிவுகளுள் அதனைக் காணலாம். பழைய கருவில் திரை ஒழுங்காகத் தோன்றின், புதிய கருவுக்குச் செலுத்தி தொகுக்கப்படவில்லை என்பது பெரும்பாலும் உறுதி. தலைப்புக் கோப்புகளை நிறுவிச் செலுத்தியையும் மீள நிறுவுதலே அதற்கு வழி. மின்தடையால் இடையில் நின்ற நிறுவலை டிபிகேஜி என்னும் கருவியால் முடிக்கலாம். பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாடு உள்ள பொறிகளில், கையொப்பமிடாத செலுத்தியைக் கரு ஏற்காது. அதற்குரிய திறவியைப் பதிவுசெய்யும் நீலத்திரை மீளத்தொடக்கத்தின்போது சில வினாடிகளே தோன்றும், அதனை நழுவவிடலாகாது.

பழைய கருவும் உதவாதபோது, கிரப் பட்டியலில் ஈ என்னும் எழுத்தை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் ஈற்றில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்துத் தொடக்கலாம். திரையின் அமைவைத் தானே மாற்றற்க எனக் கருவுக்கு இடும் ஆணை அது. அத்தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும். உருக்கள் மந்தமாகத் தோன்றினும் உள்ளே புக வழி கிடைக்கும்.

புகுபதிகைத் திரைக்கே திரும்பும் நோய் வேறுவகையது. கருமாற்றத்தோடு தோன்றினும் அதன் காரணம் பலகால் பிறிதாகும். வன்தட்டு நிரம்பியிருப்பின் அமர்வைத் தொடக்க இடமிராது. நீக்கப்படாத பழங்கருக்கள் பல சேர்ந்தும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இயங்கும் கருவையும் அதற்கு முந்தியதையும் விடுத்து ஏனையவற்றை நீக்கலாம். பயனரின் எக்ஸ் அதிகாரக் கோப்பு நிருவாகியின் உடைமையாக மாறிவிடினும் அமர்வு தொடங்காது. அதனை வேறுபெயரிட்டு ஒதுக்கின் புதியதொன்று தானே உருவாகும். சில தொகுப்புகளில் வேலண்ட், எக்ஸ் என இருவகை அமர்வுகள் உள்ளன; ஒன்று மறுக்குமிடத்துத் திரையின் மூலையிலுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி மற்றதைத் தெரிந்து பார்க்கலாம்.

நம் பாடசாலைகளிலுள்ள பழைய என்விடியா அட்டைகளைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். 340 என்னும் செலுத்தி வரிசைக்கு அந்நிறுவனம் 2019 ஆம் ஆண்டின் இறுதியோடும், 390 என்னும் வரிசைக்கு 2022 ஆம் ஆண்டின் இறுதியோடும் ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றைப் புதிய கருக்களில் தொகுக்க முயல்வது பெரும்பாலும் வீண்முயற்சியே. தன்னார்வலர் ஆக்கிக் கருவினுள்ளேயே சேர்த்துள்ள நூவோ என்னும் செலுத்தி அவ்வட்டைகளுக்குப் போதும். விளையாட்டுக்கு அன்றி எழுத்துவேலைக்கும் பாடப்பயிற்சிக்கும் பொறியைப் பயன்படுத்துவோர்க்கு அதன் வேகக்குறைவு புலப்படாது.