சில்லறைக்குப் பதில் டொபியா?

எனது வாப்பாவின் கடை லாச்சியில் சதக் காசுகளுக்கெனத் தனித்தனிச் சிரட்டைகள் இருந்தன. சதுரமாக இருப்பது ஐந்து சதம், விளிம்பு நெளிந்திருப்பது பத்துச் சதம். கண்ணால் பாராமலே விரலால் தடவி மீதி கொடுப்பார்.

ரூபாவுக்கு நூறு சதம் என்ற முறை இலங்கையில் 1872இல் நடைமுறைக்கு வந்தது. அன்று கால் சதத்துக்கும் செப்புக் காசு இருந்தது. சதுர ஐந்து சதம் 1909இல் அறிமுகமானது. பின்னர் விலைவாசி ஏற ஏறச் சதங்கள் கைமாறாமல் போயின. 2017இல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நாணயத் தொடர் ஒரு ரூபாவிலிருந்தே ஆரம்பமானது.

இப்போது ரூபாவுக்கும் அதே கதி. அண்மையில் ஒரு கடையில் இரண்டு ரூபா மீதிக்கு டொபி தந்தார்கள். அடுத்த முறை இரண்டு ரூபா குறைந்தபோது அதே டொபியை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்கள்!

கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு இருநூறு பேரிடம் இரண்டு ரூபா வீதம் நின்றால் நானூறு ரூபா. முப்பது நாளில் பன்னிரண்டாயிரம். அது இலாபமல்ல, அடுத்தவர் பணம்.

வியாபார சகோதரர்களே, காலையில் கடை திறக்குமுன் சில்லறை மாற்றி வையுங்கள். முடியாதபோது வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கால் சதத்துக்கும் கணக்கிருந்த நாடு இது.