ஓரிதழ்த்தாமரையை அறிவோம்

தாமரை எனப் பெயர் பெற்றாலும் இது நீரில் வளர்வதன்று. வயலெட் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் சிறுசெடி. மழைக்குப் பின் செங்கற்பட்டுக் காட்டோரங்களிலும் மாமல்லபுரத்தை அடுத்த மணற்பாங்கான வெளிகளிலும் நாம் இதைத் தேடலாம். குறுகிய ஈட்டிவடிவ இலைகள். ஊதா கலந்த இளஞ்சிவப்பு மலர். ஐந்து இதழ்களுள் கீழிதழ் மட்டும் பெரிதாக விரிவதால் ஓரிதழே உள்ளதுபோல் தோன்றும்.

வேரோடு பிடுங்க வேண்டா. முற்றிய காய் மூன்றாகப் பிளக்குமுன் விதை சேகரித்து, மணல் கலந்த செம்மண் தொட்டியில் தூவி, வெயிலில் வைத்து, நீர் தேங்காமல் காப்போம்.

சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. ஆயினும், சிகிச்சையில் இருப்போர் மருத்துவரிடம் கூறாமல் இதை உட்கொள்ளலாகாது. பிற மருந்துகளோடு சேர்கையில் தீங்கு நேரலாம். கண்டு மகிழ்வதற்கோ எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.