மிதந்தால் மட்டும் போதுமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் பட்டணத்துக் குழந்தைகளுக்கு ஒரே குதூகலந்தான். அப்பிச்சி ஊர், மாமரம், தோட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணறு! அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் என் தகப்பனாரின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். எட்டு வயதுப் பையனுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்க என் தம்பி ஒரு லாரி டியூபைக் கொண்டு வந்தான். நாமக்கல் சீமையில் லாரிக்கும் பஞ்சமில்லை, பழைய டியூபுக்கும் பஞ்சமில்லை! பையன் அதற்குள் ஜம்மென்று தொங்கினான். படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். அவ்வளவுதான். டியூப் மிதந்தது, பையனைக் காணோம்!

தம்பி பாய்ந்து அவனைத் தூக்கிவிட்டான். சில விநாடிகள்தாம். எனக்கோ அது ஒரு யுகம்.

சத்தம் கேட்டு வந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. பரணிலிருந்து காய்ந்த சுரைக்குடுக்கையை எடுத்து வந்து, பேரன் முதுகில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"டியூபு தானா மிதக்கும் கண்ணு. புள்ளையும் கூட மிதக்கோணுமல்லோ?" என்றார்.

எத்தனை பெரிய உண்மை! மனித உடம்பு தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கக் கூடியதே. தலையை வெளியே வைத்திருக்கப் பெரியவர்களுக்கே மூன்று முதல் ஐந்து கிலோ வரை தூக்கிக் கொடுத்தால் போதும். நாலு லிட்டர் கொள்ளும் குடுக்கை கிட்டத்தட்ட நாலு கிலோவைத் தூக்கும். ஆனால் அது உடம்போடு கட்டுண்டிருக்க வேண்டும். இன்னொன்று: முதுகில் கட்டிய குடுக்கை முகத்தை மேலே திருப்பாது. ஆகவே பக்கத்தில் ஓர் ஆள் தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

குளிர்நாட்டுக் கடலில் முக்குளிப்பவர்களின் பாடு இன்னும் வேடிக்கையானது. குளிரைத் தாங்க அவர்கள் அணியும் தடித்த ரப்பர் உடை முழுவதும் நுண்ணிய காற்றுக் குமிழிகள். அந்த உடை மேலே மிதக்க வைப்பதால், கீழே போக ஈயக்கட்டி கட்டிக்கொள்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. குமிழிகள் சுருங்கி மிதப்பு குறைகிறது. ஈயத்தின் பாரமோ குறைவதில்லை! அதை ஈடுகட்ட ஒரு சட்டை. அதற்குள் சிலிண்டரிலிருந்து காற்றை நிரப்பிக்கொள்வார்கள். அத்தனை பாரத்தையும் அது தூக்குமா, விறைத்த விரல்களால் கையுறையோடு அதன் பொத்தானை அமுக்க முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தச் சட்டையும் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒகேனக்கல் பரிசலிலோ மேட்டூரிலோ நமக்கு வேண்டியது உயிர்காப்புச் சட்டை. அதை வாங்கும்போது துணியின் வர்ணத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள். எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று அதில் அச்சிட்டிருக்கும். பெரியவர்களுக்கான சட்டையில் 50 நியூட்டன் என்றிருந்தால், அது நீந்தத் தெரிந்தவர் கரையோரம் அணிவது. 100 அல்லது அதற்கு மேற்பட்டதுதான் முகத்தை மேலே திருப்பி வைப்பதற்காகச் செய்யப்பட்டது.

"வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாம்" என்கிற தீபாவளிக் கணக்கு இங்கே உதவாது. வார்களை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அது பெரிது. சிறு குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் வார் அவசியம். ஊதி மாட்டும் கைப் பட்டைகள் விளையாட்டுச் சாமான்களே.

பையன் இப்போது நன்றாக நீந்துகிறான். ஆனாலும் அவன் கிணற்றில் இறங்கினால், அப்பிச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கிவிடுவார். எந்தக் கடையிலும் கிடைக்காத பாதுகாப்பு அது!