நூற்றொரு ரூபாய் நட்சத்திரம்

சிவகாசி அச்சாபீஸ்கள் காலண்டரில் போடாத சினிமா முகம் உண்டா? ஆனால் ராஜா சாண்டோ படம் போட்ட காலண்டர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்!

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கச் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். அதே சமயம் பம்பாயில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் காமிராவுக்கு முன் குதித்துக்கொண்டிருந்தார். 1894-ல் பிறந்த நாகலிங்கம்தான் அவர். தேகப்பயிற்சியில் தேர்ந்தவர். ஐரோப்பியப் பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயரையே அந்தக் கட்டுடலுக்குச் சூட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் எடி போலோ சர்க்கஸிலிருந்து வந்து சினிமாவில் சாகசம் செய்த காலம் அது. அவர் படங்கள் நம் டெண்டுக் கொட்டகைகளிலும் சக்கைப்போடு போட்டன. படாங்கரின் பம்பாய்க் கம்பெனியில் ராஜா சாண்டோவுக்கும் முதலில் ஸ்டண்ட் வேலைதான். பிறகு 'பக்த போதனா'வில் கதாநாயகன். சம்பளம் 101 ரூபாய். 1923-ல் 'வீர் பீம்சேன்' பெயர் வாங்கித் தந்தது. 1926-ல் 'டெலிபோன் கேர்ல்' படத்தில் சுலோசனாவுடன் நடித்தார். அந்த அம்மாள் நிஜமாகவே டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர்!

ஊமைப்படத்துக்குப் பாஷை ஏது? தமிழர் பம்பாயில் கதாநாயகனாக உடம்பு பேசினால் போதும். 1931-ல் படமே பேச ஆரம்பித்துவிட்டது. ஆனால் மனிதர் முன்யோசனைக்காரர். அதற்கு முன்பே டைரக்டராகி, சென்னையில் 'பேயும் பெண்ணும்', 'அனாதைப் பெண்' என்று குடும்பக் கதைகளைப் பிடித்திருந்தார். புராணப் படங்கள் மலிந்த நாளில் இது துணிச்சல்தான். 1935-ல் டி.கே.எஸ். சகோதரர்களைக் கொண்டு 'மேனகா'வை எடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் அந்த நாவலை ஒளித்துவைத்துப் படித்த பாட்டிமார் எத்தனையோ பேர். பாகவதரின் 'திருநீலகண்ட'ரும் (1939) இவர் டைரக்ஷன்தான். 1943-ல், ஐம்பது வயது நிறைவதற்குள் காலமானார்.

அவருடைய தாவலையும் சண்டையையும் இன்று பார்க்கலாமென்றால், படம்? அந்த நாளைய பிலிம் நைட்ரேட்டில் செய்தது. வெடிப்பஞ்சுக்கு நெருங்கிய உறவு. எரியத் தேவையான பிராணவாயு அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் சிவகாசிப் பெண்களுக்குச் சொல்லவேண்டுமா? எரிந்தது போக, பெட்டிக்குள் உளுத்துப் பொடியானவை எத்தனையோ; வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. 'பேயும் பெண்ணும்' போயே போய்விட்டது.

தமிழ்நாடு அரசு ராஜா சாண்டோ பெயரில் ஒரு விருது ஏற்படுத்தியது. அதை வாங்கியவர்களிலும் எத்தனை பேர் அவர் குதித்ததைப் பார்த்திருப்பார்கள்?